‘அவுக’ன்னா யாரு?

தம்பிகளா, தங்கச்சிகளா,

செயலகத்துல புதுசா சேர்ந்திருக்கிற நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளைக அஞ்சு பேரும் வாட்ஸ்அப்புல ஒரு குரூப்பு ஆரம்பிச்சு, அதுல என்னயும் இழுத்துப் போட்டு, "அங்கிள், நாடாளுமன்ற வேலைக்கு டிப்ஸ் குடுங்க"ன்னு கேட்டிருக்கீக. மொதல்ல இந்த அங்கிளை நிறுத்துங்க. சார்னு கூப்பிட்டாலும் கடுப்பாத்தான் இருக்கும், ஆனா அது பழகிப்போன கடுப்பு. அடுத்தது, டிப்ஸுங்கிறது ஓட்டல்ல குடுக்குறது. என்கிட்ட இருக்கிறது பூராம் நான் பண்ணுன தப்புகதான். அதுல ஒண்ணு வேணும்னா தாரேன்.

கேள்விக்கு எப்படி நம்பர் போடுறது, எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போகணும்கிறதெல்லாம் பயிற்சியில சொல்லிக் குடுப்பாக. தூங்காமக் கேளுங்க. இது அதுல வராது.

நான் கிளார்க்கா சேர்ந்தப்ப எங்க பிரிவுல ஒரு சீனியர் இருந்தாரு, மலையாளி. முத நாளே என்னயக் கூப்பிட்டு, "எடோ, நமக்குக் காது ரெண்டு, கை ஒண்ணு. வாய் பென்ஷனுக்கு அப்புறம்தான்"ன்னாரு. சபையில யாரு என்ன பேசினாலும், சிரிப்பு வந்தாலும், கோவம் வந்தாலும், நாம எழுதணும், அம்புட்டுத்தான். அதை நானும் வேதவாக்கா எடுத்துக்கிட்டு, குனிஞ்ச தலை நிமிராம முப்பது வருசம் ஓட்டினேன். ஓட்டினேன்னு சொல்றேனே, அதுல ஒரு நாள் மட்டும் கணக்குல சேராது. அன்னைக்கு ரெண்டு தடவை வாயத் திறந்தேன். ஒருக்கா திறந்திருக்கவே கூடாது. இன்னொருக்கா திறக்காம இருந்திருந்தா, இன்னைக்கு இந்தச் சின்னமனூர்ல நான் நிம்மதியா நடமாட முடியாது.

அப்ப ஒரு கமிட்டிக்கு நான் கிளார்க்கு. நாடாளுமன்றக் கமிட்டிக டில்லியில உக்காந்து காகிதம் பாக்குறதோட சரி இல்ல, சமயத்துல ஊர் ஊராப் போயும் பாக்கும். திட்டம்னு எழுதினது நிசமாவே நடந்திருக்கான்னு. அந்த வருசம் கேரளாவ முடிச்சுட்டு, குமுளி மலையில இறங்கி, கம்பம் வழியா ஓடைப்பட்டிக்கு வரணும்னு ஏற்பாடு. சொந்த ஊருப் பக்கம் போறோம்னு நான் புதுச் சட்டையெல்லாம் எடுத்து வெச்சிருந்தேன். வயசு ஐம்பதத் தாண்டியும் அற்பப் புத்தி போகல.

மலை இறங்குறப்ப, கூட வந்த மொழிபெயர்ப்பாளருக்குக் குடலே வெளிய வந்துரும்போல ஆயிருச்சு. லோயர் கேம்ப்புல வண்டிய நிறுத்தி, சோடா வாங்கிக் குடுத்து, மூஞ்சியக் கழுவிவிட்டோம். மனுசன் எந்திரிக்கல. பின் சீட்டுல படுக்கப்போட்டுக் கூட்டியாந்தோம்.

கமிட்டித் தலைவர் ஒரு அம்மா, வடக்கத்திக்காரவுக. கறாரான ஆளு. தமிழ் யாருக்குத் தெரியும்னு கேட்டாக. கமிட்டியில தமிழ் தெரிஞ்ச உறுப்பினர் ஒருத்தர் உண்டு, அந்தப் பயணத்துக்கு அவரு வரல. பஸ்ஸுல அம்புட்டுப் பேரும் என்னயப் பாத்தாக. எனக்கா, உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கு. "மேடம், இது எங்க ஊரு. இந்தப் பேச்சு எனக்குத் தாய்ப்பால்ல வந்தது"ன்னுட்டேன். நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாக.

ஓடைப்பட்டியில எங்களுக்கு ஒரு கல்யாண மண்டபத்துல ஏற்பாடு. மண்டபத்துக்கு எதுக்கவே நாங்க பாக்க வந்த கிட்டங்கி, அதான் குடோன். திராட்சைய வெட்டி ரெண்டு வாரம் குளுமையில வெக்கிறதுக்குன்னு பெண்கள் குழு ஒண்ணுக்கு அரசாங்கம் கட்டிக் குடுத்தது. மிசினு இருக்கு, கரண்டு இருக்கு, சுவத்துல திரை போட்டு மூடின கல்வெட்டு இருக்கு. கதவுல இம்மாம் பெரிய பூட்டும் இருக்கு. அதைக் கட்டுன துறையில இருந்து எங்களுக்கு வந்த காகிதத்துல, ‘பயனாளிகள் ஆர்வம் காட்டவில்லை’ன்னு ஒரே வரி. ஆர்வம் இல்லாத ஊரு எப்படி இருக்கும்னு பாக்கத்தான் தலைவரம்மா வந்திருந்தாக.

ஊரு எப்படி இருந்துச்சுன்னா, மண்டபம் நெறயப் பொம்பளைக. திராட்சைப் பந்தல் வேலைய விட்டுட்டு வந்திருந்தாக. இன்னும் எட்டு நாள்ல வெட்டு. விதையில்லாத் திராட்சை வெட்டுன பெறகு பொறுக்காது, உதிர ஆரம்பிச்சுரும். கிட்டங்கி திறந்தா நல்ல வெலைக்குக் காத்திருக்கலாம், இல்லேன்னா வெட்டுன அன்னைக்கே யாவாரி சொன்னதுக்குத் தலையாட்டணும். குழுவுக்குத் தலைவி ஆரோக்கியமேரி அக்கா. அறுபதுக்குக் கிட்ட வயசிருக்கும், நெடுநெடுன்னு ஒசரம், கழுத்துல ஒரு சின்னச் சிலுவை. சத்தம் போட்டுப் பேசாத மனுசி. அவுகளுக்கு நேர் எதுக்க துறை அதிகாரி, கையில ஃபைலோட உக்காந்திருந்தாரு. நான் தலைவரம்மாவுக்குப் பக்கத்துல, நோட்டுக்குள்ள தலையக் கவுத்துக்கிட்டு.

தலைவரம்மா நேராக் கேட்டாக, யாரு பூட்டுனதுன்னு. நான் தமிழ்ல கேட்டேன்.

மேரியக்கா சொன்னாக: "அவுக வந்தாக. பூட்டுனாக. சாவியக் கையோட கொண்டுபோயிட்டாக."

இங்கன ஒரு நிமிசம் நிக்கிறேன். உங்கள்ல ஒருத்தி சென்னைப் பிள்ளை, அவளுக்காகச் சொல்றேன். நீங்க ‘வந்தாங்க’ங்கிறத நாங்க ‘வந்தாக’ம்போம். உங்க ‘அவங்க’ எங்களுக்கு ‘அவுக’. கூட்டமா வந்தாலும் அவுகதான், மருவாதிப்பட்ட ஒருத்தர் வந்தாலும் அவுகதான். சென்னைக்காரி யாராச்சும் அன்னைக்கு என் நாற்காலியில உக்காந்திருந்தா, ‘யாரோ வந்தார்கள், பூட்டினார்கள்’னு இங்கிலீசுல சொல்லிருப்பா. ‘யாரோ’ன்னா யாருன்னு அடுத்த கேள்வி வந்திருக்கும், சோலி முடிஞ்சிருக்கும். ஒண்ணும் தெரியாதவுக தப்பிச்சுக்கிருவாக. நான்தான் எல்லாம் தெரிஞ்சவனாச்சே!

எங்க பக்கத்துல பொம்பளைக புருசன் பேரைச் சொல்ல மாட்டாக. முன்ன பின்ன யாரு பேரும் வராம ஒரு அம்மா ‘அவுக’ன்னு ஆரம்பிச்சா அது வீட்டுக்காரருதான். எங்கம்மா ஆயுசு பூராம் எங்கப்பாவ அந்த ஒரு சொல்லுலதான் வெச்சிருந்துச்சு. அந்த நெனப்புல, கொஞ்சங்கூட ரோசனை பண்ணாம, தலையும் தூக்காம, "என் கணவர் வந்தார், பூட்டினார், சாவியை எடுத்துச் சென்றுவிட்டார்"னு இங்கிலீசுல கணீர்னு சொன்னேன்.

அதோட விட்டேனா? தலைவரம்மா புருவத்தத் தூக்கவும், ‘அவுக’ங்கிற சொல்லுக்கு ஒரு சின்னப் பிரசங்கமே பண்ணுனேன். அவுக ரசிச்சுக் கேட்டாக. எங்க ஊர்லயும் அப்படித்தான், என் மாமியார் மாமனார் பேரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லன்னாக. உறுப்பினர்க எல்லாரும் சிரிச்சாக. எதுக்குச் சிரிக்கிறாகன்னு தெரியாமலே மேரியக்காவும் மருவாதிக்குச் சிரிச்சாக. அந்தச் சிரிப்ப இன்னைக்கு நெனச்சாலும் எனக்குக் கூசுது.

துறை அதிகாரிக்கு ரெண்டு பாசையும் தெரியும். ஒரு நிமிசம் திகைச்சாரு. பெறகு ஃபைல மூடிட்டு, இதெல்லாம் குடும்பப் பிரச்சினை, ஒரு பொம்பளையச் சங்கடப்படுத்த வேணாம்னுதான் நாங்க காகிதத்துல எழுதல மேடம்னாரு. என்ன பெருந்தன்மைங்கிறீக!

தலைவரம்மா அங்கனயே என்கிட்டக் குறிப்புச் சொன்னாக. குழுத் தலைவியோட குடும்பமே கிட்டங்கியப் பூட்டி வெச்சிருக்கு, இந்த ஊருக்கு இது தேவைப்படல, மிசினக் கழட்டி வேற மாவட்டத்துக்குக் குடுக்கலாம். நான் எழுதினேன். கையெழுத்து அழகா வேற வந்துச்சு.

சாப்பாட்டுக்கு எந்திரிச்சோம். மேரியக்கா எங்களுக்குன்னு தட்டுல திராட்சைக் கொத்து கொண்டாந்தாக. ஊர்க்காரன்னு காட்டிக்கிறணும்ல, நான் உரிமையா, "வீட்டுக்காரரு கோவக்காரரோ? நான் வேணும்னா பேசிப் பாக்கட்டாக்கா"ன்னேன்.

"எந்த வீட்டுக்காரரு?"ன்னாக.

"உங்க வீட்டுக்காரருதான். சாவிய எடுத்துட்டுப் போனவரு."

என்னய மேலயும் கீழயும் பாத்தாக. "நான் கலியாணமே கட்டலையே தம்பி. தம்பி தங்கச்சிகளக் கரையேத்தவே நேரம் சரியாப் போச்சு."

அப்ப அவுகன்னா யாருன்னு கேட்டேன். மேரியக்கா நாடிய, அதான் மோவாய, லேசா ஒரு பக்கம் தூக்கிக் காமிச்சாக. அந்தப் பக்கம் பந்தியில துறை அதிகாரி ரெண்டாந் தடவை பாயாசம் வாங்கிக்கிட்டு இருந்தாரு. "அப்பவும் காமிச்சேனே, நீங்க பாக்கலையா? பெரிய மனுசர விரல் நீட்டியா சொல்லுவாக?"ன்னாக.

அம்புட்டும் நாடியில இருந்துச்சு தம்பிகளா. நான் நோட்டுக்குள்ள இருந்தேன்.

அக்காகிட்ட விசயத்தச் சொல்லாமலே கைகழுவுற இடத்துல போயி நின்னுக்கிட்டேன். வெளிய பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணி வெச்சிருந்தாக. வீரபாண்டியில கௌமாரியம்மனக் கும்பிட்டுட்டு, மதுரையில ஏரோப்ளேன் பிடிக்கணும். எனக்குள்ள ரெண்டு பேரு சண்டை போட்டாக. ஒருத்தன் சொல்றான், நோட்டு உன்கிட்டத்தான இருக்கு, டில்லிக்குப் போயி ஒரு கோடு போட்டு மாத்திவிடு, யாரு பாக்கப்போறான்னு. பாக்க மாட்டாகதான். ஆனா அது தலைவர் சொல்லி எழுதுனது. அதுல ஒரு எழுத்த நானா மாத்துனா, நாளைக்கு எவன் எதை வேணும்னாலும் மாத்தலாம்னு ஆயிரும். நல்லதுக்கு மாத்துனாலும் திருட்டுத்தான்.

இன்னொருத்தன், முறையா ஒரு திருத்தச் சீட்டு அச்சடிச்சு ஒட்டிரலாமேங்கிறான். அதுவும் நல்லாத்தான் பட்டுச்சு. மனசுக்குள்ள எழுதிப் பாத்தேன். ‘என் கணவர்’ என்று உள்ள இடத்தில் ‘எதிரில் அமர்ந்திருந்த அதிகாரி’ என்று திருத்தி வாசிக்கவும். வாசிச்சுப் பாருங்க. இல்லாத புருசனுக்கு அக்காவக் கட்டி வெச்சதோட நிக்காம, இருக்கிற அதிகாரிக்கு வேற கட்டிவெச்ச மாதிரி ஆயிரும்! ஊரு சிரிச்சுரும். அந்தச் சீட்டு வந்து சேர மூணு மாசமாகும், அதுக்குள்ள மிசினக் கழட்டிருவாக.

நான் போயி பஸ் படிக்கட்டுல நின்னு, "மேடம், ஒரு நிமிசம்"னேன். தலைவரம்மா கைக்கடிகாரத்தப் பாத்தாக. சொன்னேன். வாய் குழறுது, இந்தி பாதி இங்கிலீசு பாதி. கேக்கக் கேக்க அவுக முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்குது. "தாய்ப்பால்ல வந்த பாசைன்னீங்களே?"ன்னாக. ஆமாங்க மேடம், அதனாலதான் தப்பாப் போச்சுன்னேன். அவுக அடுத்த வார்த்தை சொல்றதுக்குள்ள என் பென்ஷன், என் மூத்தவ கலியாணம், வீட்டுக் கடன் எல்லாம் என் கண்ணு முன்னாடி வந்துட்டுப் போச்சு.

பெறகு செருப்ப மாட்டிக்கிட்டு எந்திரிச்சாக. "எங்க தப்பாச் சொன்னீங்களோ, அங்கேயே போயி, அதே சனத்துக்கு முன்னாடி சரியாச் சொல்லுங்க"ன்னாக. உறுப்பினர்க ஒவ்வொருத்தரா முணுமுணுத்துக்கிட்டு இறங்கினாக. ஒருத்தரு என்னயப் பாத்து, சாமி கும்பிட விடாமப் பண்ணிட்டியேப்பான்னாரு.

மண்டபத்துல சேரெல்லாம் மடக்கிட்டாக, மறுபடி விரிச்சுப் போட்டாக. துறை அதிகாரிய ஜீப்புல இருந்து கூட்டியாந்து, அதே இடத்துல உக்கார வெச்சாக. நான் எந்திரிச்சு நின்னேன். முப்பது வருசத்துல ஒரு கூட்டத்துல நான் எந்திரிச்சு நின்னது அன்னைக்குத்தான். மொதல்ல தமிழ்ல சொன்னேன், ஏன்னா தப்பு யாரப் பத்துனதோ அவுகதான் மொதல்ல கேக்கணும். "இந்த அக்கா சொன்னத நான் தப்பா மாத்திச் சொல்லிட்டேன். அவுகன்னு சொன்னத அவுக வீட்டுக்காரருன்னு சொல்லிட்டேன். தப்பு என்னோடது"ன்னேன்.

பொம்பளைக பக்கம் கொல்லுன்னு சிரிப்பு. யாரோ ஒரு ஆத்தா, "அடியே, மேரிக்கு மாப்பிள்ளை பாத்தாச்சுடீ"ன்னுச்சு. நானும் சிரிச்சுத் தப்பிச்சிரலாம்னு பாத்தேன். மேரியக்கா சிரிக்கல. நேரா என்னயப் பாத்துக் கேட்டாக.

"அப்ப, எங்க ரூம நாங்களே பூட்டிக்கிட்டோம்னா எழுதுனீக?"

"ஆமாக்கா. அப்படித்தான் எழுதினேன்"னேன். எனக்கு அழுகையே வந்துருச்சு. கலியாணம் கட்டி வெச்சது அவுகளுக்குப் பெருசாப் படல. ரெண்டு வருசமா ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு வாங்குன கிட்டங்கிய, எங்களுக்கு வேணாம்னு அவுக வாயாலயே சொல்ல வெச்சுட்டேனே, அதுதான் அவுகளுக்குச் சுட்டது.

தலைவரம்மா பழையபடி அதே கேள்வியக் கேட்டாக. நான் பேனாவ மூடி வெச்சுட்டு, மேரியக்காவ முகத்துக்கு நேராப் பாத்துக் கேட்டேன். அதே மூணு வரி. அதே நாடி. இந்தத் தடவை தலைவரம்மாவும் நாடியப் பாத்துட்டாக. யாரச் சொல்றாங்கன்னு என்கிட்டத் திரும்பினாக. எனக்குத் தெரியும். தெரியும்கிறதுதான் மொதல்லயும் என்னயக் கவுத்தது. "அது யாருன்னு நான் சொல்லக் கூடாது மேடம், அவுகளே சொல்லட்டும்"னுட்டு, அக்கா பக்கம் திரும்பி, "அக்கா, மருவாதி குறையாது. நீங்களே சொல்லுங்க"ன்னேன்.

மேரியக்கா முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டாக. "எதுக்க உக்காந்திருக்காகளே, இவுகதான். மந்திரி வந்து திறக்காம உள்ள பழம் வெக்கக் கூடாதுன்னாக. நாங்க வெச்சிருந்த பெட்டிகள வெளிய எடுத்து வெயில்ல அடுக்கச் சொன்னாக. பூட்டுனாக. சாவியக் கொண்டுபோயிட்டாக. இவுக நல்ல மனுசருதான், எங்களத் திட்டக்கூட இல்ல. ஆனா சாவியத் தரல"ன்னாக.

ஒரு சொல்லுல மருவாதி குறையணுமே! கடைசி வரைக்கும் அந்த ‘ஆக’வ விடல. நானும் ஒரு சொல்லுக் கூட்டாம, ஒரு சொல்லுக் குறைக்காம, ‘நல்ல மனுசரு’ங்கிறதையும் சேத்தே இங்கிலீசுல சொன்னேன்.

தலைவரம்மா துறை அதிகாரிய ஒண்ணும் வையல. கையத்தான் நீட்டுனாக. அவரு, சாவி ஆபீஸ்ல இருக்குன்னாரு. இருக்கட்டும், அது வர்ற வரைக்கும் நாங்க இங்கனயே உக்காந்திருக்கோம்னுட்டாக. ஒரு உறுப்பினர் நிசமாவே ஷூவக் கழட்டிட்டுக் காலை நீட்டிட்டாரு. அஞ்சு நிமிசத்துல, ஆபீஸ்ல இருந்த சாவி டிரைவர் கையில ஜீப்புக்குள்ள இருந்து வந்துருச்சு.

பழைய குறிப்ப என்னய வெச்சே அடிக்கச் சொல்லி, ஓரத்துல கையெழுத்துப் போட்டாக. அடிச்சது தெரியணும்னாக, அழிக்கக் கூடாதுன்னாக. புதுக் குறிப்பு ஒரே வரி, கிட்டங்கி இன்னைக்கே குழுவுகிட்ட ஒப்படைக்கப்பட்டதுன்னு. மந்திரி திறப்பு விழான்னு அதிகாரி இழுத்தாரு. நான் திறப்பு விழா நடத்தலையே, பூட்டைத்தான் திறக்கச் சொல்றேன், அந்தத் திரை அப்படியே இருக்கட்டும்னாக. எனக்கு டில்லி போனதும் மெமோ வந்துச்சு, விளக்கம் கேட்டு. ‘சாட்சி பேசும்போது சாட்சியைப் பார்க்கவில்லை’ன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தேன். எச்சரிக்கையோட விட்டாக. அந்த ஒரு வரியத்தான் உங்களுக்கும் சொல்ல வந்தேன். எழுதுறப்பத் தலையத் தூக்குங்க. தெரிஞ்ச பாசையா இருந்தா ரெண்டு மடங்கு தூக்குங்க.

அன்னைக்கு மண்டபத்த விட்டுக் கிளம்புறப்ப, பஸ் ஆரன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் மட்டும் கிட்டங்கிக்கு ஓடினேன். உள்ள மிசினு ஓட ஆரம்பிச்சுருச்சு, கதவுப் பக்கம் போனாலே சிலுசிலுங்குது. அவசரத்துக்கு வெட்டுன பழத்த ஏழெட்டுப் பெட்டியில கொண்டாந்து மேரியக்கா உள்ள அடுக்கிக்கிட்டு இருந்தாக. "மன்னிச்சுருங்கக்கா"ன்னேன்.

பெட்டியக் கீழ வெச்சாக. மொத தடவையா ஒதட்டோரத்துல நிசச் சிரிப்பு ஒண்ணு வந்துச்சு.

"அது கிடக்கட்டும் தம்பி. ஒரு மத்தியானம் பூராம் எனக்குன்னு ஒருத்தரு இருந்தாகல்ல? அவுக எப்படி, நல்லவுகளா?"

"இல்லக்கா. வந்தாக, பூட்டுனாக, சாவிய எடுத்துட்டுப் போயிட்டாக."

"அப்பக் கட்டாததே நல்லது"ன்னுட்டு, அடுத்த பெட்டியத் தூக்குனாக.